வேரை விட்டு இலையை எண்ணுவதா?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியெங்கும் பழக்கடைகள் முளைத்துவிடும். ரம்புட்டான், துரியன், மங்குஸ்தான் என்று மலாய் நாட்டுப் பெயர்கள் நம் மலையடிவாரத்தில் கூவி விற்கப்படும். சென்ற சாரலின்போது பேரருவிக்கு அருகில் அத்தகைய கடையொன்றின் முன் நின்றிருந்தேன். பக்கத்தில் கடையநல்லூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனுடன் நின்றிருந்தார். இளமைக் காலத்தை மலேசியாவில் கழித்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பேரன் ரம்புட்டானை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரம்புத் என்றால் மலாய்க்காரர் பேச்சில் முடி. முடியுள்ள பழம் ரம்புத்தான். டூரி என்றால் முள். முள்ளுள்ள பழம் எதுவென்று இப்போது நீயே சொல், வாப்பா."

பையன் உடனே துரியனைக் காட்டினான். அந்த இரண்டு சொற்களையும் அவன் இனி மறக்கப்போவதில்லை. மூன்றாவதாக ஒன்றையும் கற்றுக்கொண்டான்: சொல்லின் கடைசியில் வரும் 'ஆன்' தனியே பிரியக்கூடிய ஓர் ஒட்டு என்பது. இலக்கணப் புத்தகம் எதையும் திறக்காமல் அரை நிமிடத்தில் முடிந்த பாடம் அது.

ஆனால் பையன் கையில் வேறொரு பாடமும் இருந்தது. அவன் செல்லும் தனிப்பயிற்சியில் நாளொன்றுக்கு 20 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். அதற்கான குறிப்பேட்டைக் குற்றாலத்துக்கும் கொண்டுவந்திருந்தான், பாவம். பெரியவர் அதை வாங்கிப் புரட்டினார். ஓரிடத்தில் 'கேட்டராக்ட் – கண்புரை' என்றிருந்தது. சில பக்கங்கள் தள்ளி 'கேட்டராக்ட் – பேரருவி' என்றிருந்தது. பெரியவருக்கு அண்மையில்தான் கண் மருத்துவ முகாமொன்றில் அந்த நோயைச் சொல்லியிருந்தார்கள். "கண்ணுக்கும் அருவிக்கும் என்ன உறவு?" என்று கேட்டார்.

"சார் அப்படித்தான் எழுதச் சொன்னார். இங்கிலீஷில் காரணம் கேட்கக் கூடாதாம். மனப்பாடம் பண்ண வேண்டுமாம்" என்றான் பையன்.

இக்கட்டுரை அந்த விடைக்கு எதிராக எழுதப்படுகிறது. அந்த விடையைச் சொன்ன ஆசிரியரோடு எனக்கு வழக்கில்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த விடையை ஏற்றுக்கொண்டு மாதந்தோறும் கட்டணமும் செலுத்தி வரும் நம் குடும்பங்களோடு வழக்கிருக்கிறது. அதைவிடப் பெரிய வழக்கு, இந்த இதழைப் போன்ற இதழ்களில் எழுதும் நம்மோடு இருக்கிறது.

முதலில் கேட்டராக்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க மொழியில் பிறந்த அச்சொல்லுக்குக் கீழ்நோக்கிப் பாய்ந்து விழுவது என்று பொருள். இலத்தீன் மொழியார் அதை எடுத்து அருவிக்கு வழங்கினர். அது கண்ணுக்குள் நுழைந்த வழிதான் நாம் அறிய வேண்டியது. பார்வை மங்குவதற்குக் காரணம், கண்மணிக்குப் பின்னால் ஒருவகை நீர் இறங்கித் தேங்கி உறைந்துபோவதே என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் எண்ணினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் ஆக்கியபோது அந்தக் கருத்தும் அரபிக்குள் வந்தது. ஹுனைன் கிறிஸ்தவர்; கண் மருத்துவத்தைப் பற்றியே தனியாகப் பத்து இயல்கள் எழுதியவர். அரபு மருத்துவர்கள் அந்நோய்க்கு 'நுஸூலுல் மாஃ' என்று பெயரிட்டார்கள். நீர் இறங்குதல் என்பது அதன் நேர்ப்பொருள். யூனானி மருத்துவத்தில் இன்றும் அதுவே பெயர்.

பதினோராம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குச் சென்று துறவியான கான்ஸ்டன்டைன் என்பவர் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். 'நீர் இறங்குதல்' என்பதற்கு ஈடாக அவர் கையாண்ட சொல்தான் அருவியைக் குறிக்கும் கேட்டராக்ட். நோய்க்கு உண்மைக் காரணம் மேலிருந்து இறங்கும் நீரன்று, கண்ணிலுள்ள வில்லையே மங்கிப்போவதுதான் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கருத்து மறைந்தது, பெயர் நின்றுவிட்டது.

ஆக, கண்புரையும் அருவியும் ஒரே ஆங்கிலச் சொல்லில் குடியிருப்பதற்குக் காரணமே அரபு மருத்துவம்தான். கி.பி. 1000 அளவில் உள்ளீடற்ற ஊசியைக் கண்ணில் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுத்த அம்மார் என்னும் மோசுல் நகரத்து மருத்துவர் கையாண்ட மொழி அது. 'நஸல' என்றால் இறங்கினான் என்பதை நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே ஓதும் பள்ளியில் அறிகிறார்கள். வஹீ இறங்கியதைச் சொல்வதற்கும் அந்த வேரே. தன் மக்தபில் கற்ற சொல்லொன்று தன் ஆங்கிலக் குறிப்பேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பேரருவியோ எதிரில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பையனுக்குக் கிடைத்த விடை, காரணம் கேட்கக் கூடாது என்பது!

காரணம் கேட்டுப் படிக்கும் முறை நமக்குப் புதிதா? நம் மத்ரஸாக்களில் நூற்றாண்டுகளாக ஸர்ஃப் என்னும் சொல்லியல் கற்பிக்கப்படுகிறது. காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்து வேரைக் கொடுத்துவிட்டால் கிதாப், காதிப், மக்தப், மக்தூப் என்று மாணவன் தானே கிளைகளை விரிப்பான். எழுதப்பட்டது, எழுதுபவன், எழுதக் கற்கும் இடம், எழுத்தில் வந்தது என்று பொருளையும் அவனே சொல்வான். எந்த உஸ்தாதும் இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எழுதிவைத்து நாளைக்கு 20 என்று ஒப்பிக்கச் சொல்வதில்லை.

அதே மாணவனிடம், எழுதுதல் என்னும் பொருளுடைய 'ஸ்க்ரைப்' என்ற இலத்தீன் வேரைக் கொடுத்துப் பாருங்கள். 'மேனுஸ்' என்றால் கை. ஆகவே மேனுஸ்க்ரிப்ட் கையால் எழுதியது. 'ப்ரி' முன்னே, மருந்துக்கடைக்குப் போகுமுன் மருத்துவர் எழுதித் தருவது ப்ரிஸ்க்ரிப்ஷன். 'போஸ்ட்' பின்னே, கடிதம் முடிந்தபின் அடியில் சேர்ப்பது போஸ்ட்ஸ்க்ரிப்ட். 'சப்' கீழே, கீழே பெயரெழுதிக் கையொப்பமிடுவது சப்ஸ்க்ரிப்ஷன். இவ்விதழுக்குச் சந்தா கட்டும் அன்பர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லின் பொருளைச் செய்து காட்டியவர்களே. ஒரு வேரும் நான்கு முன்னொட்டுகளும் தெரிந்த பிள்ளை, அந்த முன்னொட்டுகளைக் கொண்டு வேறு நூறு சொற்களின் வாசலில் நிற்கிறான்.

இரயில் நிலையப் புத்தகக் கடைகளில்கூட நார்மன் லூயிஸ் என்பவர் 1949-இல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்னும் நூல் கிடைக்கிறது. அது முழுக்க முழுக்கக் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்டு கற்பிக்கும் நூல். அதைக்கூட நம் தனிப்பயிற்சி நிலையங்கள் பல சொற்பட்டியலாக உரித்து எடுத்துவிட்டு, வேரைக் குப்பையில் போட்டுவிடுகின்றன.

மாற்றுக் கருத்துடையோர் சொல்வதையும் கேட்க வேண்டும். வேர்ச்சொல் தெரிந்தால் ஆங்கிலம் பேச வந்துவிடுமா? வராது. வீடு, தண்ணீர், ரொட்டி, நட, உண், உறங்கு போன்ற அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தில் ஜெர்மானிய வழியில் வந்தவை. அங்கே கிரேக்கமும் இலத்தீனும் பயன்படா. அவை பேசிப் பழகியே வர வேண்டும். அறிவியல், மருத்துவம், சட்டம், ஆட்சி என்று பாடநூலின் எடை கூடக்கூடத்தான் இந்த வேர்களின் ஆட்சியும் கூடுகிறது. அரபி வேரைப்போல ஆங்கிலத்தில் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு அடங்கியும் இராது. இலத்தீனில் 'பெட்' என்றால் கால். சைக்கிளின் பெடல் அதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதே போன்று ஒலிக்கும் மற்றொரு வேருக்குக் குழந்தை என்று பொருள். பீடியாட்ரிக்ஸ் என்னும் குழந்தை மருத்துவம் அதிலிருந்து வந்தது. வேரை அரைகுறையாகப் படித்தவன் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் என்பான். ஆகவேதான் இதற்கு ஆசிரியர் வேண்டும் என்கிறேன். பட்டியல் போதாது என்கிறேன்.

இனி நம் பக்கம் வருகிறேன். நம் இதழ்களின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் 'ஆங்கிலத்தில் அரபுச் சொற்கள்' என்ற பொருளில் ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது கண்ணில் படும். அல்ஜீப்ரா, அல்கலி, அட்மிரல், காட்டன், டாரிஃப், ஜெனித் என்று பட்டியல் நீளும். முடிவில் நம் முன்னோர் ஐரோப்பாவுக்கு விளக்கேற்றினர் என்று ஒரு பெருமூச்சு. நானும் அப்படியொரு கட்டுரை எழுதியவன்தான், மறைப்பதற்கில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் அதைப் படித்த எந்தப் பிள்ளைக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லாவது கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. 'அல்ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்தல், குறைந்ததை நிறைத்தல். குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் அதைத் தம் கணக்கு நூலின் பெயரில் வைத்தார். சமன்பாட்டில் கழித்தற்குறியோடு நிற்பதை மறுபக்கம் சேர்த்து நிறைவாக்குவதே அந்த 'ஜப்ர்' என்று யாராவது அந்தக் கட்டுரையில் சொல்லியிருந்தால், பிள்ளையின் கணக்காவது தேறியிருக்கும்.

பட்டியலில் ஆல்கஹாலும் தவறாமல் இடம்பெறும். கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறித்த 'அல்குஹ்ல்' என்ற சொல், நுண்ணிய பொடி, பின்னர் வடித்தெடுத்த சத்து என்று பொருள் மாறி மாறிக் கடைசியில் மதுவின் சாரத்துக்குப் பெயராயிற்று. மதுவைத் தொடக்கூடாது என்று சொல்லும் சமுதாயம், அதன் பெயர் மட்டும் எங்களுடையது என்று மார்தட்டிக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது.

இதிலும் கேடு, பெருமையின் வேகத்தில் பொய்யும் கலந்துவிடுவது. அரபியில் 'கஹ்ஃப்' என்றால் குகை, ஆங்கிலத்தில் 'கேவ்' என்றால் குகை, ஆகவே அதிலிருந்து இது என்று எழுதிவிடுகிறோம். கேவ் என்பது குடைவானது என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பல் மருத்துவர் சொல்லும் கேவிட்டியும், கீழடியில் மண்ணைத் தோண்டுவதற்குச் சொல்லும் எக்ஸ்கவேஷனும் அதன் உடன்பிறப்புகள். 'அர்ள்' என்பதிலிருந்து 'எர்த்' வந்தது என்பதும் அப்படியே. எர்த் ஜெர்மானியச் சொல். தமிழ் ஆர்வலர் சிலர் 'எட்டு' என்பதிலிருந்தே 'எய்ட்' வந்தது என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஒலி ஒத்திருப்பது உறவாகிவிடாது, வரலாறு வேண்டும். குகைச் சொல்லை நமதென்று பொய்யாகக் கொண்டாடிய பிள்ளைக்குக் கேவிட்டியும் எக்ஸ்கவேஷனும் கிடைக்காமல் போகின்றன. நம் பொய்ப்பெருமைக்கு விலை கொடுப்பவன் அவனே.

மெய்யாகவே நம்மிடமிருந்து சென்ற சொற்களும் நம்மிடமே பிறந்தவை அல்ல. முக்கோணவியலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாட்டும் சைன் என்ற சொல்லைப் பாருங்கள். ஆரியபட்டர் காலத்து வடமொழிக் கணிதத்தில் அது 'ஜ்யா', அதாவது வில்லின் நாண். அரபியர் அதை ஒலிபெயர்த்து 'ஜீபா' என்றனர். உயிர்க்குறி இடாமல் எழுதப்பட்ட அச்சொல்லைப் பின்வந்தோர் 'ஜைப்' என்று படித்துவிட்டனர். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு; நாம் சட்டையில் வைத்திருக்கும் ஜேப்பும் அதுதான், செய்தித்தாளில் வரும் ஜேப்படியும் அதிலிருந்துதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தவர் மடிப்பு, வளைவு என்னும் பொருளுடைய 'சைனஸ்' என்ற சொல்லை அங்கே வைத்தார். மூக்கடைத்துத் தலை கனக்கும்போது மருத்துவர் சொல்லும் சைனஸும் அதே சொல். நாண் பையாகிப் பை வளைவானது. இந்தக் கதையில் யாருக்கு என்ன பெருமை? ஒரு தவறான வாசிப்புக்குத்தான் பெருமை. ஆனால் இதைக் கேட்ட பிள்ளை, வட்டத்துக்குள் வரைந்த நாணைப் பார்க்கும்போதெல்லாம் சைன் எதை அளக்கிறது என்பதை மறக்கமாட்டான்.

வேறொரு தயக்கத்தையும் நம்மிடையே காண்கிறேன். ஆங்கிலக் கல்வியே வேண்டாம் என்று ஒரு தலைமுறை ஒதுங்கி நின்றதும், அதனால் நாம் இழந்ததும் தெரிந்த கதை. இன்று ஆங்கிலத்தை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் கிரேக்கம், இலத்தீன் என்றவுடன், அவை சிலை வணங்கிகளின் மொழி, பாதிரிமாரின் மொழி, நமக்கெதற்கு என்ற ஓர் ஒதுக்கம் சில ஆலிம் பெருமக்களிடமும் இருக்கிறது. அவர்களைப் பணிவுடன் கேட்கிறேன். நம் பாட்டிமார் நம்பிய யூனானி வைத்தியத்தின் பெயருக்கு என்ன பொருள்? யூனான் என்றால் கிரேக்க நாடு. கிரேக்க மருத்துவம் என்று பெயர்ப்பலகை வைத்த ஹகீமிடம் பல தலைமுறைகள் மருந்து வாங்கி உண்டோம், ஈமான் கெடவில்லை.

அதைவிட நெருக்கமான சான்று தொழுகையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ரக்அத்திலும் சூரத்துல் ஃபாத்திஹாவில் நேர்வழியைக் கேட்கிறோம். அந்த வழியைக் குறிக்கும் 'ஸிராத்' என்ற சொல் ரூமியரின் மொழியில் பாதையைக் குறிப்பது என்று முன்னோர் சிலர் கூறியதை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தம் இத்கானில் பதிவு செய்திருக்கிறார். கல் பாவிய பாதைக்கு ரோமர் வழங்கிய 'ஸ்ட்ராட்டா' என்பதே அது என்று இன்றைய மொழியியலார் காட்டுகின்றனர். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரீட்' அதன் மற்றொரு பிள்ளை. 'கிர்தாஸ்' என்று திருக்குர்ஆன் தாளைக் குறிப்பிடுகிறது, கிரேக்கத்தில் 'கார்ட்டீஸ்'. நம் வீட்டு ரேஷன் கார்டும், வகுப்பறைச் சுவரில் தொங்கும் சார்ட்டும் அவ்வழியில் வந்தவை. 'கலம்' கிரேக்கத்தின் 'கலமோஸ்', நாணல். குற்றாலத்து நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வசம்புக்குத் தாவரவியலார் இட்ட பெயர் அகோரஸ் கலமஸ். பேர் சொல்லா மருந்து என்று நம் பெண்கள் பெயரைக்கூட வாயால் சொல்லத் தயங்கும் வசம்பின் அறிவியல் பெயரில் நம் கலம் இருக்கிறது!

தென்காசி நெல் வியாபாரிகளுக்கு இன்னொன்று சொல்வேன். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 75-ஆம் வசனத்தில், வேதக்காரருள் ஒருசாரார் பெரும் பொருட்குவையை ஒப்படைத்தாலும் திருப்பித் தருவர், ஒருசாரார் ஒற்றைக் காசையும் தாரார் என்னும் கருத்து வருகிறது. குவைக்கு அங்கே வரும் சொல் 'கின்தார்', காசுக்கு 'தீனார்'. தீனார் ரோமரின் 'டினாரியஸ்' என்னும் நாணயம். கின்தாரின் மூலம் 'சென்டும்', அதாவது நூறு என்னும் இலத்தீன் எண்ணிலிருந்து வந்த நிறைப்பெயர். அரபியில் கின்தாரான அது, மீண்டும் ஐரோப்பாவுக்குத் திரும்பிக் குவிண்டாலாகி, இன்று நம் மண்டியில் நெல் மூட்டைகளை எடைபோடுகிறது. ஏக்கரை நூறாகப் பகுத்த சென்டும், வங்கிக்காரர் சொல்லும் பெர்சென்டும், நூற்றாண்டைக் குறிக்கும் செஞ்சுரியும் அதே நூறுதான். இறைவசனத்தின் பொருளைப் பிள்ளைக்கு விளக்கும் ஆலிம், அதே மூச்சில் நான்கு ஆங்கிலச் சொற்களையும் விளக்கிவிட முடியும். எத்தனை பேர் விளக்குகிறோம்?

இப்படிச் சொன்னால், குர்ஆனில் பிறமொழிச் சொல் உண்டென்கிறாயா என்று சினப்போர் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் ரிஸாலாவில், திருமறை முற்றிலும் அரபியே என்று வலியுறுத்தியதை நான் அறியாதவனல்லன். ஹிஜ்ரி 224-இல் மறைந்த அபூஉபைத் (ரஹ்) என்னும் மொழியறிஞர் இரு தரப்பையும் இணைத்துத் தீர்ப்பளித்தார். அச்சொற்களின் பிறப்பு வேற்றுமொழியில். ஆனால் வஹீ இறங்குவதற்கு முன்பே அரபியர் அவற்றைத் தம் நாவுக்கேற்பத் திருத்தித் தம் சொற்களாக்கிக்கொண்டனர். ஆகவே பிறமொழி என்றவரும் மெய் சொன்னார், அரபி என்றவரும் மெய் சொன்னார் என்பது அவர் முடிவின் சாரம். ஆயிரத்தோரு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் அறிஞர்கள் சொற்பிறப்பை இத்துணைத் தெளிவாக ஆய்ந்திருக்கிறார்கள். நாமோ பையனிடம் காரணம் கேட்காதே என்கிறோம்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. அதை விட்டுவிட மனம் வரவில்லை. சுவனத்தவர் அருந்தும் பானத்தில் கலந்திருக்கும் பொருளாக 'ஸன்ஜபீல்' திருக்குர்ஆனில் (76:17) வருகிறது. இஞ்சிதான் அது. பாரசீகம் வழியாக அரபிக்கு வந்த சொல் என்று பழைய ஆசிரியர்கள் குறித்துள்ளனர். பாரசீகத்திற்கு முன்னே பாலி மொழியில் அது 'சிங்கிவேர'. அதற்கும் முன்னே தென்னாட்டு மொழி. இஞ்சியும் வேரும் சேர்ந்த சொல். கிரேக்கர் அதை 'ஸிங்கிபெரிஸ்' என்றனர். ஆங்கிலேயர் 'ஜிஞ்சர்' என்கின்றனர். நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இத்தகைய தமிழ்–கிரேக்க உறவுகளை ஆராய்ந்தார். (மாவட்டம் என்றது பழைய நெல்லையை, தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்.) ஜிஞ்சர் என்று ஆங்கிலேயன் சொல்லும்போது அதன் கடைசி அசையில் நைந்து கிடப்பது நம் 'வேர்' என்ற சொல்லே.

இவற்றையெல்லாம் ஓய்வு நேரச் சுவைக்காக எழுதுகிறேன் என்று எண்ணிவிடலாகாது. 2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. பீடி சுற்றும் தாயின் மகளும் தறிநெய்த தந்தையின் மகனும் அவ்வழியே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிகிறது. தமிழில் பயின்று சென்ற அந்தப் பிள்ளை முதல் வாரத்தில் எதிர்கொள்வது நோயாளியை அன்று; ஆயிரக்கணக்கான சொற்களை. ஹெபடைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்று நான்கையும் நான்கு பூதங்களாகக் கண்டு மிரள்கிறது. கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை, மூட்டு என்னும் நான்கு கிரேக்கப் பெயர்களையும், 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி என்பதையும் யாராவது பள்ளியிலேயே சொல்லியிருந்தால் மிரட்சிக்கு இடமே இராது.

'டயா' என்னும் கிரேக்க முன்னொட்டுக்கு ஊடாக என்று பொருள். வட்டத்தின் ஊடே அளப்பது டயாமீட்டர். ஊடே ஒழுகுவது டயரியா. ஊடே செலுத்திப் பிரித்தெடுப்பது டயாலிஸிஸ். ஊடே கடந்து செல்வது டயாபடீஸ். உடலில் தண்ணீர் தங்காமல் ஓடிவிடுவதைக் கண்டு கிரேக்கர் வைத்த பெயர். நம் முன்னோர் அதே நோயை நீரிழிவு என்றனர்! கடலுக்கு அப்பாலிருந்த மருத்துவனும் நம் நாட்டு மருத்துவனும் ஒரே குறியைக் கண்டு ஒரே பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். நீரிழிவு என்ற சொல்லை வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு டயாபடீஸ் அயற்சொல்லாகத் தோன்றும்படி செய்தது யார்? 'அனீமியா' என்றால் குருதியின்மை. 'அனாட்டமி' என்றால் அறுத்துப் பார்த்தல். 'ஆட்டம்' என்றால் அறுக்க முடியாதது. கல்லூரியில் இடறி விழுந்து, ஆங்கிலம் வராது என்ற தாழ்வு மனப்பான்மையோடு திரும்பும் பிள்ளைகளுக்கு உண்மையில் வராமற்போனது ஆங்கிலம் அன்று. அவர்களுக்குச் சொல்லப்படாமற்போனது நூறு வேர்கள்.

ஜமாஅத்துகள் இதைச் செய்யலாம். பெரிய கட்டிடம் வேண்டாம், நன்கொடைப் புத்தகமும் வேண்டாம். கோடை விடுமுறையில் மக்தபில் நடக்கும் வகுப்போடு நாளுக்கு அரைமணி நேரம் சேர்த்தால் போதும். ஸர்ஃப் கற்பிக்கும் உஸ்தாத் ஒருவரும், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து அமர வேண்டும். உஸ்தாத் அரபி வேரையும், ஆசிரியர் அதற்கிணையான இலத்தீன் வேரையும், பிள்ளைகள் தமிழ்ச் சொல்லையும் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு வேர்; 50 நாளில் நூறு. ஆசிரியர் முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. ஹுனைனும் முஸ்லிம் அல்லர். பெண் பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளாதிருந்தால் போதும். மருத்துவக் கல்லூரிக்குள் நுழையப்போகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூரில் பிழைக்கச் சென்ற இடத்திலும் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1982-இல் அது மூடப்படும்வரை அந்நிய மண்ணில் தமிழ் கற்பித்தார்கள். சொந்த ஊரில் அரைமணி நேர வகுப்பை நடத்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் இயலாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் பெரியவரிடம் நுஸூலுல் மாஃவின் கதையை அங்கேயே, சாரலில் நனைந்தபடி சொன்னேன். அவர் பேரனைப் பார்த்தார். பையன் குறிப்பேட்டைத் திறந்து, அருவி என்று எழுதியிருந்த பக்கத்திலிருந்து கண்புரைப் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட முயன்றான். இரண்டும் வெவ்வேறு தாளில் இருந்தன. சற்று யோசித்துவிட்டுப் புதிய பக்கமொன்றில் இரண்டையும் சேர்த்து எழுதினான். நடுவில் 'நஸல' என்று அரபி எழுத்தில் எழுதினான். பிறகு, "ரெட்டினாவுக்கு என்ன காரணம்?" என்று கேட்டான். ரெட்டினா என்றால் வலைபோன்றது, அரபியில் 'ஷபகிய்யா'. மீன் வலைக்கும் அதே வேர்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய பேருந்து வந்துவிட்டது.